காகிதம் தேர்ந்தெடுத்த ராணி

வயதானால் பொறாமை போய்விடும் என்று நமக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து முட்டிவலியில் முடிகிறது. நடுவில் பேரப்பிள்ளைகள் வந்து போகிறார்கள். பொறாமையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது இன்னும் இருக்கிறது, குறையவே இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் பெரியப்பா மகளைப் பார்த்தேன். என்னைவிடச் சில மாதங்கள் இளையவள், அவ்வளவுதான். மண்டபத்து மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறிப் போனாள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, வயிறு எரிந்தது.

இந்த எரிச்சல் நேற்று வந்ததில்லை. நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், கொல்லிமலையில், ஒரு ஆடி மாதத்தில் வந்தது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் மலையடிவாரம். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மேலே நிலம் வாங்கி, சோளக்காடு என்கிற ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரே வாசலில் இரண்டு வீடு கட்டினார்கள். மிளகும், குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியும் போட்டார்கள். சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. இரண்டு வீட்டுக் காட்டுக்கும் எல்லையில் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி யாருக்குச் சொந்தம் என்று ஒரு நாள் சண்டை வந்தது. ஆண்கள் இரண்டு பேரும் அந்த வாரமே சமாதானமாகி ஒரே பஸ்ஸில் சந்தைக்குப் போனார்கள். பேச்சை நிறுத்திக்கொண்டது அம்மாவும் பெரியம்மாவும்தான். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். ஒருவர் குடம் நிறையும்வரை மற்றவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்படியே இரண்டு மிளகு அறுவடை முடிந்திருந்தது.

நானும் பெரியப்பா மகளும் ஒரே வகுப்பு. வாசலில் நாங்களும் பேசக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் முதல் வளைவு தாண்டியதும் பேச ஆரம்பிப்போம். சாயங்காலம் அதே வளைவு வந்ததும் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொள்வோம். அப்போதெல்லாம் எனக்கு அவள்மேல் ஒரு புகாரும் இல்லை. ஒல்லியாக, அமைதியாக இருப்பாள். நான் சற்றுப் பூசினாற்போல் இருப்பேன். எனக்குக் குரல் பெரிது.

அம்மா தையல் தைப்பாள். அந்தப் பக்கத்தில் டேப் வைத்து யாரும் உடம்பை அளக்க மாட்டார்கள். பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். "இதே மாதிரிதானுங், சுத்தளவு மட்டும் ரெண்டு விரக்கடை சேத்திக்கங்க" என்பார்கள். அம்மா அதைத் துணிமேல் விரித்து, ஓரத்தைத் தள்ளிக் கோடு போட்டு வெட்டுவாள். பிள்ளை பெற்று உடம்பு வைத்தவர்களுக்கும் காய்ச்சலில் மெலிந்தவர்களுக்கும் அந்தப் பழைய ஜாக்கெட்டை வைத்தே கண்ணளவில் வெட்டிக் கொடுப்பாள். திருப்பிக்கொண்டு வந்தவர்கள் யாரும் இல்லை.

ஆடி மாதத்தில் மலையை ஆண்ட வில்லாளி ராஜாவுக்கு விழா நடக்கும். அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடமும் ஒரு நாடகம் போடுவது என்று டீச்சர் முடிவு செய்தார். சேலத்துக்காரர். நாடகத்தையும் அவரே எழுதினார். திருப்புலி நாடு என்ற பக்கத்து ஊரிலிருந்து நடந்து வரும் உயரமான பையன் ஒருவன் ராஜா. ராணி யார் என்று பார்க்க எல்லாப் பெண்களையும் ஒரு வசனம் பேசச் சொன்னார். "மன்னா, இந்த மலையில் தேன் வற்றினாலும் உங்கள் வில்லின் வீரம் வற்றாது." நான் பேசியது பக்கத்து வகுப்புவரை கேட்டது. அன்றே நான் ராணி. ஒரு வாரத்தில் என் வசனம் மட்டுமில்லை, ராஜா வசனமும் எனக்கு மனப்பாடம். குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே நின்று உரக்கப் பேசுவேன். காட்டு வேலைக்கு வந்தவர்கள் என்னை "ஏனுங் ராணி" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வாரம் நான் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே கொஞ்சம் பொறாமை வருகிறது.

பிறகு அந்தப் பாக்கெட் வந்தது.

டீச்சருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்துக் கடையில் வாங்கி வந்தது. உறைமேல் ஒரு வெள்ளைக்கார ராணியின் படம். குடை விரித்தாற்போல் பாவாடை, தோளில் பூசணி மாதிரி புடைத்த கை, கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாகத் தட்டு போல ஒரு வெள்ளைக் காலர். அந்தக் காலத்து அரண்மனை உடுப்பை வீட்டிலேயே தைத்துக்கொள்வதற்கான வெட்டுக் காகிதம் உள்ளே மடித்து வைத்திருந்தது. கொல்லிமலை ராஜாவின் மனைவி எதற்காக வெள்ளைக்காரி போல உடுத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ராணி என்றால் ராணி, படத்தில் இருப்பவளும் ராணிதானே.

ஒரு சனிக்கிழமை டீச்சர் அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா வாசலில் பாய் விரித்துக் காகிதத்தைப் பிரித்தாள். பழுப்பு நிறம், வெங்காயச் சருகின் மென்மை. மூச்சு பட்டாலே சலசலத்தது. கப்பலின் வாசனை என்று நான் நினைத்துக்கொண்ட ஒரு மருந்து வாசனை அடித்தது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நாலைந்து கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடின. ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டுவிட்டு, ஒன்று புள்ளி புள்ளியாக. டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும், தையல் தெரியாது. அந்தக் காகிதத்து இங்கிலீஷ் அவருக்கே பிடிபடவில்லை.

"வெளிநாட்டுக் காகிதமுங்க. அதுல எப்படி இருக்குதோ அப்படியே தெச்சிருங்க. நம்ம இஷ்டத்துக்கு மாத்த வேண்டாமுங்க" என்றார்.

அம்மா வெகுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்தாள். விரலால் ஒன்றிரண்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த கோட்டில் வெட்டினாள். வெளிக்கோடுகள் எல்லாம் நாடா நாடாவாகப் பாயில் விழுந்தன. நான் அவற்றைப் பொறுக்கிக் கையில் சுற்றி வளையல் போட்டுக்கொண்டு, ராணி மாதிரியே நிமிர்ந்து நின்றேன்.

வெட்டிய துண்டுகளைக் குண்டூசியால் இணைத்து அம்மா என்மேல் வைத்தாள். முன்பக்கம் சரியாக வந்தது. முதுகில் காகித ஓரங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நாலு விரல் இடைவெளி. நான் மூச்சை உள்ளே இழுத்தேன். மூன்று விரல் ஆனது.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "இப்ப என்னங்க பண்றது?"

அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அந்தூட்டுப் புள்ளைக்கு வெச்சுப் பாக்கலாமுங்க. நீங்க கூப்புடுங்க. நான் கூப்புட்டா வராது."

பெரியப்பா மகள் அவர்கள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெரியம்மா நின்றாள். டீச்சர் கூப்பிட்டதும் அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். காகிதம் அவள் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. தோள், கை, இடுப்பு, எங்கும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"காயிதம் இவளுக்குத்தான் சேருதுங் டீச்சர்" என்றாள் அம்மா.

"அப்ப இவளே ராணியா இருக்கட்டுமுங்க. காகிதத்த நாம என்ன பண்ண முடியும்?"

நாடகத்துக்கு உடுப்பா, உடுப்புக்கு நாடகமா என்று இன்று நாம் சிரிக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "நீ பெருசாக்கித் தெய்யம்மா. எல்லாருக்கும் பண்றியே."

"இது ஜாக்கெட் இல்ல கண்ணு. அச்சடிச்ச காயிதம். அதத் தாண்டி வெட்டக் கூடாது."

எனக்குத் தோழி வேஷம் கிடைத்தது. ராணிக்குப் பின்னால் நின்று விசிறி வீச வேண்டும். குரல் பெரிதாக இருப்பதால் எனக்கென்று ஒரு வசனம் சேர்த்து எழுதித் தருவதாக டீச்சர் சொன்னார். எழுதித் தந்தார்: "இதோ வந்துவிட்டேன், மகாராணி."

சொல்லுங்கள், அவள் என்ன செய்துவிட்டாள்? ஒரு வசனம் ஒழுங்காகப் பேசினாளா? ஒல்லியாக இருந்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் சோற்றைக் குறைத்தேன். பலாப்பழ சீசன். வீடு முழுக்க வாசனை. சுளையை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்துவிடுவேன். விழா நெருங்கும்போது என் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆனால் அந்தக் காகிதத்தை யாரும் மறுபடி என் முதுகில் வைத்துப் பார்க்கவில்லை. பெரியப்பா மகளுக்கு அம்மை போட வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தது.

அவளைவிட அதிகமாக என்னை எரித்தது வேறொன்று. காகிதம் வைத்துப் பார்த்த மறுநாள் காலையில் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து, அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கம்மாகிட்டக் கேளு கண்ணு, துணி எத்தன மீட்டர் வேணும்னு."

அம்மா மிஷினில் இருந்தாள், கைக்கெட்டும் தூரத்தில். அவளும் என்னைப் பார்த்தே சொன்னாள்: "பத்து மீட்டர் எடுக்கச் சொல்லு. கைக்கு மட்டும் ரெண்டு மீட்டர் போகும்."

நான் திரும்பிச் சொன்னேன். "என்ன கலர்னு கேளு சாமி." கேட்டேன். "மெரூன்னா நல்லாருக்கும்னு சொல்லு." சொன்னேன். "மெரூனு கீழ சேலத்துலதான் கெடைக்கும்" என்றாள் பெரியம்மா. "சேலத்துலயே எடுக்கச் சொல்லுங்கக்கா, மாமா நாளைக்குப் போறாருல்ல" என்றாள் அம்மா, பெரியப்பாவைச் சொல்லி. அதற்குமேல் நான் தேவைப்படவில்லை. நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டே போனார்கள்.

அதன் பிறகு பெரியம்மா தினமும் வந்தாள். மெரூன் சாட்டின் துணி மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், அம்மா மிஷினை ஓட்டுவாள். பாவாடை விரிந்து நிற்பதற்குப் பெரியப்பா மூங்கில் பிளாச்சை வளைத்து வளையம் கட்டித் தந்தார். ஒரு நாள் அம்மா அந்த வளையத்துக்குள் தலையை விட்டு, நிலைப்படியில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் நின்றாள். பெரியம்மா இழுத்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவி பறந்தது. அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. இந்தச் சிரிப்பு இவ்வளவு நாளாக எங்கே இருந்தது, நான் எத்தனை கோமாளித்தனம் செய்து காட்டியிருப்பேன், அதற்கெல்லாம் ஏன் வரவில்லை என்று எனக்கு அழுகை வந்தது.

காய்ச்சலில் படுத்திருந்தபோது அம்மா மிஷினிலிருந்து எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். விரலில் எண்ணெய் வாசனை. "இப்ப பரவால்ல" என்பாள். உடனே திரும்பிப் போய்விடுவாள். அடுத்த அறையில் மிஷின் சத்தமும் அவர்கள் பேச்சும் மாறி மாறிக் கேட்கும். குச்சிக்கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி அந்த வெள்ளைக் காலரை முக்கி விறைப்பாக்கினார்கள். கஞ்சி ஆறும் புளித்த வாசனை வீடு முழுக்க இருந்தது. எனக்கு ஊற்றிய கஞ்சியும் அதே அடுப்பில், அதற்கு அப்புறம் காய்ச்சியது.

விழா அன்று மூடுபனியும் தூறலுமாக இருந்தது. பெரியப்பா மகள் மேடைக்கு வந்ததும் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. ராஜா வேட்டியும் தலைப்பாகையுமாக வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் மெரூன் சாட்டினில், மேடைப்படி கொள்ளாத பாவாடையில், இவள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "ஏனுங், ராணி எந்த ஊருப் பொம்பளைங்?"

"கீழ்நாட்டுலருந்து கட்டிக்கிட்டு வந்ததுங். அங்கத்த மோஸ்தரு அப்படித்தானுங்."

"அதான பாத்தேன்" என்று பெரியவர் திருப்தியடைந்தார்.

அவள் வசனத்தை மறப்பாள் என்று விசிறியோடு பின்னால் காத்திருந்தேன். மறக்கவில்லை. திக்குவாள் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. சன்னமான குரலில் நிதானமாகப் பேசினாள். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பாதி நாடகத்தில் ஈரக்காற்று பட்டுக் காலர் தளர்ந்து, ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்தது. ஒழிந்தாள் என்று நினைத்தேன். அவள் கவலைப்படவே இல்லை. இரண்டு விரலால் அதைத் தாடைக்குக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மீதி வசனத்தைச் சொன்னாள். ராணி என்றால் அப்படித்தான் நிற்பாள் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. கெட்டது நடந்தாலும் சிலருக்கு அது அழகாகிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

மேடைக்குக் கீழே அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குடைக்குள் நின்றார்கள். என் வசனம் வந்தபோது அம்மா பெரியம்மா காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று எடுத்த போட்டோ ஒன்று பெரியப்பா வீட்டில் வெகுகாலம் தொங்கியது. நடுவில் அவள். ஓரத்தில் ஒரு விசிறியும் ஒரு முழங்கையும் தெரியும். முழங்கை என்னுடையது. அந்த உடுப்பைப் பெரியம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து எலி கடித்துவிட்டது. மிச்சத்தைக் கிழித்துத் தலையணை உறை தைத்தார்கள். எனக்கு அதில் ஒன்றுகூட வரவில்லை.

இத்தனை வருஷமும் நான் அந்தக் காகிதத்தின்மேல் பெரிதாகக் கோபப்பட்டதில்லை. அது வெளிநாட்டுப் பெண்ணை நினைத்து வெட்டியது, எனக்குச் சேரவில்லை, என் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். எரிச்சலெல்லாம் அது யாருக்குச் சேர்ந்ததோ அவள்மேல்தான். பெங்களூரில் இருக்கும் என் மகள், அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம், தன் பையனின் பள்ளிக்கூட வேஷத்துக்கு ராஜா உடுப்பு தைக்க அதே மாதிரி ஒரு பாக்கெட் வாங்கியிருந்தாள். பிரித்தபோது அதே சலசலப்பு, ஒன்றுக்குள் ஒன்றாக அதே கோடுகள். "எந்தக் கோட்டில் வெட்டப்போகிறாய்?" என்று கேட்டேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு சைஸாம். குழந்தை எந்த அளவோ அந்தக் கோட்டில் வெட்ட வேண்டுமாம். உள்கோடு ஆகச் சிறியது, வெளிக்கோடு ஆகப் பெரியது.

என் அளவும் அந்தக் காகிதத்தில் அச்சடித்து வந்திருக்கிறது. பாவம் அம்மா, அவளுக்குத் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதை அம்மாவிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லலாம் என்றுதான் மலைக்குப் போனேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கீழே வரமாட்டேன் என்கிறாள். பெரியப்பா, அப்பா இருவரும் முன்பே போய்விட்டார்கள். பெரியம்மா போன தை மாதம் தவறிவிட்டாள். அதுவரைக்கும் அவர்கள் இரண்டு பேரும்தான் அந்த வாசலில். ஒருத்தி காப்பி போட்டால் இரண்டு டம்ளர் என்று ஒரு நாளும் தவறாமல் நடந்தது.

நான் போனபோது அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முறம் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பம்மா தெரியும்?"

"வெட்டறப்பவே தெரியும். இத்தன கோடு எதுக்குப் போடுவான்? சிறுசு, பெருசுக்குத்தான். எத்தன ஜாக்கெட்டு வெட்டிருக்கறேன், அது தெரியாதா எனக்கு?"

"அப்பறம் ஏம்மா உள்கோட்டுல வெட்டுன?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு மிளகு ஆஞ்சு முடிஞ்சுது, உன்ற பெரியம்மா என்ற மூஞ்சியப் பாக்கல. நானா போய்ப் பேசறதுக்கும் மனசு வல்ல. அவ புள்ளைக்கு ராணி வேசம்னா வருவான்னு தெரியும். நான் உட்டுக் குடுத்த மாதிரியும் இருக்கப்படாது. பழியக் காயிதம் மேல போட்டேன். வந்தா."

அவளே மறுபடி சொன்னாள், கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது போல: "உனக்கு அது ஒரு நாள் வேசம் கண்ணு. எனக்குப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

ஒரு நாள் வேஷத்தைக் கொடுத்து ஆயுசு முழுவதற்கும் ஒரு துணையைச் சம்பாதித்துக்கொண்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பொறாமைக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது? இத்தனை வருஷம் பெரியப்பா மகள்மேல் இருந்தது அந்த நிமிஷம் அவளை விட்டு இறங்கி, செத்துப்போன பெரியம்மாமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் இருந்தேனே அம்மா என்று கேட்க வாய்வரை வந்தது. பதினொரு வயதில், அத்தனை பெரிய குரலோடு, பேச்சென்றால் ஓயாதவளாக, அதே வீட்டில்தானே நான் இருந்தேன். கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே பெரியம்மா வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.